வந்த நாளையும் சேர்த்து

ஒரு நலவாழ்வு முகாம் எத்தனை நாள் நடக்க வேண்டும் என்பதில் மக்களுக்குப் பெரிய குழப்பம் இருக்கிறது. மூன்று நாள் போதுமா, ஏழு நாள் வேண்டுமா, பதினைந்து நாள் இருந்தால்தான் உடம்பு சொன்ன பேச்சைக் கேட்குமா என்று தொலைபேசியில் கேட்காதவர் இல்லை. காவல் ஆய்வாளர் அவர்களே, நீங்களும் வந்து உட்கார்ந்தவுடன் அதையேதான் கேட்டீர்கள்: "ஏனுங்க ஐயா, அதென்னங்க கணக்கு, ஒம்பது நாளு?" நல்ல கேள்வி. அதற்கு ஒழுங்காக விடை சொன்னால் மற்றவை தாமாகவே வந்துவிடும். தேநீரைக் குடியுங்கள். நாற்பத்திரண்டு ஆண்டு மேடைப் பழக்கம். முன்னுரை இல்லாமல் எனக்கு எதையும் சொல்ல வராது.

என் பெயர் தமிழரசு. பெற்றோர் இட்ட பெயர் ஒரு கடவுளுடையது. அதைப் பத்தொன்பதாம் வயதில், ஒரு பொதுக்கூட்டத்தில், கைதட்டலுக்கு நடுவே கழற்றி வைத்துவிட்டேன். அன்றுமுதல் சேலத்திலிருந்து மோகனூர் வரை என் குரல் ஏறாத ஒலிபெருக்கி இல்லை. சாதியைப் பேசினேன், சடங்கைப் பேசினேன், சோதிடத்தைப் பேசினேன். நல்ல நேரத்தில் யாருக்கும் திருமணம் நடத்திவைத்ததில்லை. இராகு காலத்தில் இருநூற்றுக்கும் மேல் நடத்தியிருக்கிறேன். இராகு காலத்தில் தொடங்கிய வாழ்த்துரை எமகண்டம் வரை நீண்டதுண்டு. ஒருமுறை மணமகள் பசி மயக்கத்தில் மாலையோடு சாய்ந்துவிட்டார். நான் பேச்சை நிறுத்தவில்லை. அந்த மணமகளை நினைவில் வைத்திருங்கள். அவர் மறுபடியும் வருவார்.

காலம் மாறியது. நாலாயிரம் பேர் நின்று கேட்ட திடலில் நாற்பது பேர் உட்கார்ந்து கேட்டார்கள். அந்த நாற்பதிலும் பதினைந்து பேர் நாற்காலி வாடகைக்கு விட்டவரின் ஆட்கள். நான் எப்போது முடிப்பேன், நாற்காலிகளை எப்போது வண்டியில் ஏற்றலாம் என்று காத்திருந்தவர்கள். அதன் பிறகுதான் மோகனூரில், காவிரிக் கரைத் தென்னந்தோப்பில், நலவாழ்வு முகாம் தொடங்கினேன். காலையில் வயிற்றின் மேல் ஈர மண்பட்டி, பகலில் சாம்பல்பூசணிச் சாறு, மாலையில் தேன் கலந்த எலுமிச்சை நீர், இடையிடையே நான். கைப்பேசிகளையும் மாத்திரைகளையும் வாசலிலேயே வாங்கி ஒரு பெட்டியில் பூட்டிவிடுவோம். பட்டினி கிடப்பவர்கள் பாதிப் பேச்சில் எழுந்து போக மாட்டார்கள். எழுவது அவர்களுக்குச் சிரமம். நான் வாழ்நாளெல்லாம் தேடிய அவை அதுதான்.

முகாமை முதலில் மூன்று நாள் என்றுதான் வைத்தேன். மூன்று நாளில் என் முன்னுரை மட்டுமே முடிந்தது. ஐந்தாக்கினேன், பெண் விடுதலை பாதியில் நின்றது. என்னிடம் மொத்தம் ஒன்பது தலைப்புகள் இருந்தன. ஆகவே ஒன்பது நாள். மருத்துவ அறிவியலில் இதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்பீர்கள். இயற்கை மருத்துவம் படித்த ஜெயப்பிரியா என்ற பெண்ணை அப்போது வேலைக்கு வைத்திருந்தேன். அந்தப் பெண் துண்டறிக்கைக்கு எழுதித் தந்த குறிப்பில், சர்க்கரை நோய் உள்ளவர்கள் மூன்று நாளுக்கு மேல் இருக்கக் கூடாது, மாத்திரையை நிறுத்தவே கூடாது என்று ஒரு வரி இருந்தது. மெய்ப்புத் திருத்தும்போது அதை எடுத்துவிட்டேன். ஒரே வரியில் இரண்டு "கூடாது" வந்து நடையைக் கெடுத்தது. அந்தப் பெண் அடுத்த வாரமே வேலையை விட்டுவிட்டார்.

ஒன்பது நாள் என்று அறிவித்த பிறகுதான் அதில் ஒளிந்திருந்த பெருமை எனக்குப் புலப்பட்டது. வீட்டை விட்டுக் கிளம்பிய ஒன்பதாம் நாள் வீடு திரும்பக் கூடாது என்று இந்தப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டல்லவா. படித்தவர்கள்கூட எட்டில் திரும்புவார்கள், அல்லது பத்துக்குத் தள்ளிவைப்பார்கள். நானோ ஒவ்வோர் அணியையும் சரியாக ஒன்பதாம் நாள் காலை பதினொரு மணிக்கு வீட்டுக்கு அனுப்பிவைப்பேன் என்று அச்சிட்டேன். அனுப்பும் முன் குழுவாக நிற்க வைத்து ஒரு புகைப்படம். ஆறு அணிகள் போயின. யாருக்கும் ஒன்றும் நேரவில்லை. கடவுளும் சாதியும் சோதிடரும் நான் பேசிய நாற்பத்திரண்டு ஆண்டும் அசையாமல் இருந்தார்கள். என்னிடம் தோற்ற எதிரி ஒன்பதாம் நாள் ஒன்றுதான். சிறிய எதிரிதான். ஆனால் எனக்கென்று இருந்தது அது ஒன்று.

ஏழாவது அணி பதினான்காம் தேதி காலை வந்தது, இருபத்திரண்டு பேர். அதில் மல்லசமுத்திரத்துப் பெரியநாயகி ஒருவர். ஐம்பத்தெட்டு வயது, சர்க்கரை நோய். வாசலில் மாத்திரைப் பொட்டலத்தைத் தாமே எடுத்து நீட்டி, "ஐயா, என்னெத் தெரியுதுங்களா? உங்க பேச்சுல மயங்கி உழுந்த புள்ளெ நானுதானுங்க" என்று சிரித்தார். அந்த மணமகள்தான். முப்பத்தாறு ஆண்டுக்கு முன், திங்கட்கிழமை இராகு காலத்தில், தாலி இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டவர். அவருடைய மகனுக்கு இனியன் என்று பெயரிட்டவனும் நான்தான். இப்போது அவன் லாரி வைத்திருக்கிறான். முகாமில் அம்மாவைச் சேர்த்தவன் அவனே. என் துண்டறிக்கையை நம்பிச் சேர்த்தான்.

ஆறாம் நாளிலிருந்து அந்த அம்மையார் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். ஏழாம் நாள் சாறு வயிற்றில் தங்கவில்லை. உடம்பு கழிவை வெளியேற்றுகிறது என்று அவையில் விளக்கினேன், பலர் குறிப்பெடுத்தார்கள். எட்டாம் நாள் காலை, மண்பட்டி முடிந்து எல்லோரும் கூடத்தில் இருந்தபோது, அவர் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து சொன்னார்: "ஐயா, நாளைக்கு ஒம்பதாம் நாளுங்க. ஒம்பதாம் நாளு ஊட்டுக்குப் போறது ஆகாதும்பாங்க. நான் இன்னைக்கே கெளம்பறனுங்க. பையனுக்கு ஒரு போன் போட்டு உடுங்க, வந்துருவான்."

நான் நாற்பது நிமிடம் பேசினேன். அண்மைக் காலத்தில் நான் பேசியவற்றுள் அதுவே சிறந்தது என்பதை அடக்கத்தோடு பதிவு செய்கிறேன். இராகு காலத்தை மிதித்து ஏறிய வீராங்கனை இன்று ஓர் எண்ணுக்கு அஞ்சி ஓடுகிறாரே என்று தொடங்கினேன். எண்களின் வரலாற்றைச் சொன்னேன். பெண்ணடிமைக்கும் பஞ்சாங்கத்துக்கும் உள்ள உறவைச் சொன்னேன். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஓட்டும் சந்திரசேகர் என்பவர், "ஏனுங்க்கா, ராகு காலத்துக்கே பயப்படாத ஆளு, ஒம்பதுக்குப் போயி இப்படிப் பம்முறீங்களே" என்று கிண்டலடித்தார். அவை சிரித்தது. அந்த அம்மையாரும் சிரித்தார். "செரிங்க ஐயா. உங்க பேச்சுக்கு மறுபேச்சு நான் எந்தக் காலத்துல பேசுனனுங்க. இருக்கறனுங்க" என்று சொல்லி, தூணைப் பிடித்தபடியே மெல்ல உட்கார்ந்தார். கைதட்டல் எழுந்தது. எனக்குத்தான்.

ஒன்பதாம் நாள் காலை, இருபத்திரண்டாம் தேதி, நிறைவு விழா. எல்லோரும் பையும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் முடிவுரையின் கடைசிப் பத்தியை நெருங்கும்போது பெரியநாயகி சாய்ந்தார். நான் முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். அதில் புதுமை ஒன்றும் இல்லை என்பதை நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள். களைப்பு என்று சொல்லி அவரை அறைக்குக் கொண்டுபோகச் செய்தேன். மற்ற இருபத்தொருவரும் புகைப்படத்துக்கு நின்றார்கள், பேருந்தில் ஏறினார்கள், நலமாக வீடு சேர்ந்தார்கள். எதிரி அன்றும் தோற்றான்.

சமையல் பார்க்கும் ராசாத்தி அறையிலிருந்து ஓடிவந்தார். "ஐயா, அக்கா வாயில பழம் அழுகுன வாசமுங்க. எங்க அண்ணனுக்கு இப்படித்தானுங்க வந்துச்சு. சக்கரைங்க. இப்பவே ஆசுபத்திரிக்குக் கொண்டு போயிரலாமுங்க."

"இன்றைக்கு வேண்டாம்."

"இன்னைக்கு வேண்டாம்னா எப்பங்க?"

"நாளைக்கு."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், என் பேச்சைக் கேட்ட எவரும் அதுவரை காட்டாத ஒரு தெளிவு இருந்தது. ஆகவே அவருடைய கைப்பேசியையும் வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

என் நிலையை எண்ணிப் பாருங்கள். எட்டாம் நாள் போகிறேன் என்றவரைத் தடுத்து நிறுத்தியவன் நான். இருபத்தொரு சாட்சிகள் இருக்கிறார்கள். ஒன்பதாம் நாள் அவரைத் தூக்கிக்கொண்டு போய் மருத்துவமனையில் சேர்த்தால் மல்லசமுத்திரம் என்ன சொல்லும்? மோகனூர் என்ன சொல்லும்? இன்னும் நூறு ஆண்டுக்கு ஒரு பயலும் ஒன்பதாம் நாள் வீடு திரும்ப மாட்டான். ஒரு தனி மனிதரின் உடல்நலமா, ஒரு சமூகத்தின் மனநலமா என்று கேள்வியை அமைத்துக்கொண்டேன். கேள்வியை அமைப்பதில் நான் வல்லவன். அப்படி அமைத்தால் விடை சொல்லச் சிரமமில்லை.

மூன்று மணிக்கு இனியன் கார் எடுத்துக்கொண்டு வந்தான். அம்மா ஏறும்போது சூடாக இருக்கக் கூடாதென்று குளிர்சாதனத்தை ஓடவிட்டபடியே இறங்கினான். "அம்மா எங்கீங்க ஐயா?"

"உறங்குகிறார். நல்ல முன்னேற்றம். இன்னும் ஒரு நாள் இருந்தால் முழுப் பயன் கிடைக்கும்."

"எந்திரிக்கட்டுமுங்க, ஒரு எட்டு பாத்துட்டுப் போறனுங்க."

"இயற்கை உறக்கத்தைக் கலைக்கலாமா, இனியா?"

அவனுக்குப் பெயர் வைத்தவன் சொல்கிறேன். அவன் அறைக் கதவை ஒருமுறை பார்த்தான். "நீங்க சொன்னாச் செரிங்க ஐயா. நாளைக்கு வாரேனுங்க" என்று காரைத் திருப்பிக்கொண்டு போனான். அடைத்த கதவுக்கும் அவன் நின்ற இடத்துக்கும் இடையில் பதினைந்து அடி இருக்கலாம்.

ஐந்து மணிக்கு அந்த அம்மையார் கண் திறந்தார். ஓரமாக உட்கார்ந்திருந்த என்னிடம் தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். பிறகு, விட்டுவிட்டுத்தான், ஆனால் தெளிவாகச் சொன்னார்: "ஒம்பதாம் நாளுக்கெல்லாம் நான் பயந்தவளாங்க ஐயா. ஒடம்பு முடியலீங்க. எல்லாத்து முன்னாலயும் முடியலீன்னு சொன்னா முகாமுக்குக் கொறச்சலாப் போயிரும்னுதான், அப்படி ஒரு சாக்குச் சொன்னனுங்க."

நான் வியந்தேன் என்று சொன்னால் அது பொய்யாகும். எட்டாம் நாள் அவர் எழுந்து நின்றபோதே எனக்குத் தெரியும். இராகு காலத்தில் மணந்தவர், மகனுக்குச் சாதகம் எழுதாதவர், ஓர் எண்ணுக்கு அஞ்சுவாரா? தூணைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கியதை நான் மேடையிலிருந்தே பார்த்தேன். ஆனால் நடுங்கும் விரலுக்கு எதிராக நாற்பது நிமிடம் பேச முடியாது. மூடநம்பிக்கைக்கு எதிராகப் பேசலாம். அவர் என் மானத்தைக் காக்க ஒரு சாக்கை நீட்டினார். நான் அதைப் பிடுங்கி அவரையே அடித்தேன். இதை அறிந்த பிறகு உடனே வண்டியை அழைத்தீர்களா என்று உங்கள் அடுத்த கேள்வி இருக்கும். இல்லை. இறுதிவரை அவர் பகுத்தறிவாளராகவே இருந்தார் என்று பெருமைப்பட்டேன். அப்படிப்பட்டவரின் பெயரால் ஒரு மூடநம்பிக்கை பிழைத்துக்கொள்வது அவருக்குச் செய்யும் துரோகம் என்றும் எனக்குப் பட்டது.

நள்ளிரவு பன்னிரண்டோடு நாள் மாறிவிடுகிறது என்பது என் கட்சி. அப்போதே அழைத்திருக்கலாம். ஆனால் ஊரார் கணக்கில் விடிந்தால்தான் மறுநாள். எதிராளியின் அளவுகோலிலும் வெல்ல வேண்டும் என்பது மேடையில் நான் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். ஆகவே மேலும் ஆறு மணி நேரம் காத்திருந்தேன். வீணாக இல்லை; பத்தாவதாக ஒரு தலைப்பு தோன்றியது, அதை அவருக்கே மெல்லச் சொல்லிப் பார்த்தேன். எனக்கு வாய்த்த அவைகளிலேயே கடைசி வரை எழுந்து போகாத அவை அது.

சூரியன் தெளிவாகத் தெரிந்த பிறகு, ஆறேகால் மணிக்கு, நூற்றெட்டை அழைத்தேன். அந்த எண்ணும் எனக்கு உவப்பானதல்ல; பொறுத்துக்கொண்டேன். நாமக்கல் போகும் வழியில், ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, வண்டியிலேயே அவர் உயிர் போய்விட்டது. காரில் வந்துகொண்டிருந்த இனியனுக்குத் தகவல் சொன்னவர் ராசாத்தி. பெட்டியின் பூட்டை அரிவாள்மனையால் உடைத்துத் தம் கைப்பேசியை எடுத்திருந்தார்.

ஆக, ஆய்வாளர் அவர்களே, மாத்திரையை நிறுத்தியவன் நான். மருத்துவரின் வரியை அடித்தவன் நான். போகிறேன் என்றவரைப் பேசி உட்கார வைத்தவன், மகனை வாசலோடு திருப்பியவன், சாகும் நிலையில் இருந்தவரைப் பத்தொன்பது மணி நேரம் கிடத்தி வைத்திருந்தவன், எல்லாம் நான். கொலை என்று எழுத விரும்பினால் எழுதிக்கொள்ளுங்கள். சொல்லில் எனக்கு மறுப்பில்லை. கையெழுத்தும் போட்டுவிடுகிறேன்.

ஒரே ஒரு திருத்தம். சற்று முன் நீங்கள் நாட்காட்டியைப் பார்த்து, "பதினாலுல வந்தாங்க, இருபத்திமூணுல எறந்தாங்க, அப்ப ஒம்பது நாளுங்களா?" என்று விரல்விட்டு எண்ணியதைக் கவனித்தேன். அது பிழை. வந்த நாளையும் சேர்த்து எண்ண வேண்டும். பெரியநாயகி இறந்தது பத்தாம் நாளில். அதை எழுத்தால் எழுதுங்கள், எண்ணால் வேண்டாம். பிறகு யாராவது திருத்திவிடுவார்கள்.