ஒன்பதாம் எண் வில்லை

பத்துப் பன்னிரண்டு பேரை வெளிநாட்டுக்கு ஸ்கூபா பயணம் கூட்டிப்போகிறவர்கள் முதலில் விசாரிக்க வேண்டியது, யார் குறட்டை விடுவார்கள் என்பதைத்தான். குறட்டைக்காரரோடு ஒரே அறையில் படுத்தவர் மறுநாள் தூக்கக் கலக்கத்தோடு தண்ணீரில் இறங்குவார். இறங்கியவர் சிலிண்டரில் எவ்வளவு காற்று இருக்கிறதென்று பார்க்க மறந்துபோவார். அதனால் குறட்டை விடுகிறவர்களை நான் ஒரே அறையில் சேர்த்துப் போட்டுவிடுவேன். ஒருவர் சத்தம் மற்றவருக்குக் கேட்காது. பத்தொன்பது ஆண்டுகளில் அறை பற்றி எனக்கு ஒரு புகார்கூட வந்ததில்லை.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகவே சொல்கிறேன். மொழிபெயர்க்கும் இந்தப் பெண்ணும் அவசரப்பட வேண்டாம். ஏதாவது புரியவில்லையென்றால் நிறுத்திக் கேளுங்கள். விளக்கிச் சொல்வது எனக்குப் பிடித்த வேலை.

என் பெயர் போக்னா. ஓப்போலே நகரப் பேருந்துகளுக்குக் கால அட்டவணை போடும் அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். எங்கள் ஸ்கூபா சங்கத்தின் கோடைப் பயணத்தை முதல் வருடத்திலிருந்தே நான்தான் திட்டமிடுகிறேன். ஆறு வருடத்துக்கு முன் என் காதுச் சவ்வு கிழிந்தது. அதற்குப் பிறகு நான் தண்ணீரில் இறங்கியதில்லை. படகில் இருப்பேன். கீழே போகிறவர்கள் மீனைப் பார்த்துவிட்டு மேலே வந்து கையை விரித்து அளவு காட்டுவார்கள். எனக்கு மிச்சமிருந்தது திட்டம் மட்டும்தான்.

திட்டம் என்றால் தேதியும் வேனும் மட்டும் என்று நினைக்காதீர்கள். எங்கள் ஊர்க் கல்குவாரித் தண்ணீரில் எட்டுக் கிலோ ஈயம் கட்டினால் அமிழ்கிறவருக்கு உங்கள் உப்புக் கடலில் பத்துக் கிலோ வேண்டும். உப்பு ஆளைத் தூக்கும். அதை இங்கே வந்து தண்ணீருக்குள் நின்று கண்டுபிடித்தால் ஒரு காலைப்பொழுது போய்விடும்; நான் ஒவ்வொருவருக்கும் ஊரிலேயே கணக்குப் போட்டுவிடுவேன். படிவத்தில் 'அவசரத்துக்கு யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும்' என்றொரு கட்டம் உண்டு. அதையும் படிப்பேன். யாருக்காவது ஏதாவது ஆனால் கரையிலிருந்து முதலில் தேடப்போவது யார் என்று அந்தக் கட்டம் சொல்லிவிடும். விட்டோல்ட் அதில் தன் மனைவி இவோனாவின் பெயரை எழுதியிருந்தான். இவோனாவும் பயணத்தில் வருகிறவள். ஆக, அவனைக் கரையில் இருந்து தேட ஆள் இல்லை.

எல்லாவற்றிலும் எனக்குப் பெருமையான விஷயம் பலகை. மேசையில் வைத்திருக்கிறீர்களே, அதுதான். முதல் வருடப் பயணத்தில் நாங்கள் தலைகளை எண்ணினோம். ஈரமான கறுப்பு உடையில் எல்லாரும் ஒரே மாதிரி இருப்பார்கள். ஒரு இடத்தில் நிற்கவும் மாட்டார்கள். ஒருவரை இரண்டு முறை எண்ணிவிட்டோம். ஒரு பெண் இருபது நிமிடம் கடலில் தனியாகக் கிடந்தாள். திரும்பிப் போய்த் தூக்கும்போது அவள் உதடு நீலமாக இருந்தது, சிரித்துக்கொண்டே அழுதாள். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. ஊருக்குத் திரும்பியதும் இந்தப் பலகையைச் செய்தேன். இடப்பாதி சிவப்பு, வலப்பாதி வெள்ளை. ஆளுக்கொரு எண் போட்ட பித்தளை வில்லை. இறங்கும்போது உங்கள் வில்லையைச் சிவப்புக்கு மாற்றுகிறீர்கள். மேலே வந்ததும், எந்தப் படகில் ஏறுவதாக இருந்தாலும், முதல் படகின் ஏணிக்கு நீந்தி வந்து அதை வெள்ளைக்கு மாற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். விதி ஒன்றே ஒன்று: அடுத்தவர் வில்லையை யாரும் தொடக்கூடாது. கணவன் மனைவியாக இருந்தாலும் சரி. கை நடுங்கி ஒருவர் நாலு முறை தவறவிட்டாலும் பக்கத்தில் இருப்பவர் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார். அவ்வளவு கண்டிப்பு. அதனால்தான் பத்தொன்பது ஆண்டுகளாக எங்கள் சங்கத்தில் யாரும் தலையை எண்ணுவதில்லை. பலகையைப் பார்ப்பார்கள்.

இனி ஜனவரி மாதக் கூட்டம். நீச்சல்குளத்தை ஒட்டிய சங்க அறையில் நடந்தது. நான் இந்த வருடத் திட்டத்தைப் பதினான்கு பக்கத்தில் அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். விட்டோல்ட் நாற்பது நிமிடம் தாமதமாக வந்தான். அவனை விட்டெக் என்று கூப்பிடுவார்கள். நல்ல உயரம், பல் மருத்துவர், எல்லாரையும் சிரிக்கவைப்பவன். என் பக்கங்களின் மேல் பீர் கோப்பையை வைத்தான்.

"அட்டவணையம்மா, இதுல எந்தப் பக்கத்துல நான் மூச்சு விடணும்னு போட்டிருக்கீங்க?" என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. பத்தொன்பது வருஷம் எங்களுக்காக ஓடியாச்சு. இந்த வருஷத்தோட போதும், ஓய்வெடுங்க. அடுத்த வருஷத்துலேருந்து நான் பாத்துக்கறேன். பிளான்னா என்ன, பீர் எங்க கிடைக்கும்னு பாக்கறதுதானே?"

கைதட்டினார்கள். கைதூக்கி வாக்கெடுத்தார்கள். பிறகு இவோனா உள்ளேயிருந்து ஒரு கேக்கைக் கொண்டுவந்தாள். அதன் மேல் 'நன்றி போக்னா' என்று சர்க்கரைப் பாகில் எழுதியிருந்தது. நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன், நன்றாகவே இருந்தது. அது வாங்கிய கடையில் பெயர் எழுதிய கேக் வேண்டுமென்றால் முந்தின நாளே சொல்லிவைக்க வேண்டும்.

எனக்கு விட்டெக் மேல் வெறுப்பு கிடையாது. இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு பேருந்து ஒருவருக்காகக் காத்திருந்தால், நேரத்துக்கு வந்த நாற்பது பேர் தண்டனை அனுபவிக்கிறார்கள். அந்த ஒருவரை ஒருமுறை விட்டுவிட்டுப் போனால் அவர் மறுநாள் முதல் சரியாக வருவார். விட்டெக்கை யாரும் ஒருமுறைகூட விட்டுவிட்டுப் போனதில்லை. அவன் ஒரு மணி நேரம் காத்திருந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

ஆகவே திட்டத்தில் சிறு மாற்றங்கள் செய்தேன். எப்போதும் இவோனாவோடு ஜோடியாக இறங்குகிறவனை லெஷெக்கோடு போட்டேன். லெஷெக் படம் எடுப்பவர். விரல்நகம் அளவுள்ள கடல் நத்தைகளைத் தேடிப் பாறையில் முகத்தை ஒட்டிக்கொண்டு கிடப்பார். கூட வந்தவர் என்ன ஆனார் என்று திரும்பிப் பார்க்க மாட்டார். கடைசி நாள் முழுக்குக்கு வெளித்தீவின் பாறையைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே நீரோட்டம் தென்மேற்கே, வெறும் கடலை நோக்கி இழுக்கும். நண்பகலுக்கு மேல் காற்று எழும். மேலே வந்ததும் ஊதி நிமிர்த்தும் அடையாளக் குழாய்கள் சங்கத்தில் பன்னிரண்டு இருந்தன. பதினொன்று புதியவை, பளிச்சென்ற செம்மஞ்சள். ஒன்று பழையது, சாயம் வெளுத்துக் கிட்டத்தட்டக் கடல் நிறத்துக்கே வந்திருந்தது. யாருக்காவது ஒருவருக்குப் பழையதைக் கொடுத்துத்தானே ஆக வேண்டும்.

துறைமுகத்தில் அதை வாங்கி விரித்துப் பார்த்துவிட்டு விட்டெக் சிரித்தான். "என்னக்கா இது, என் கல்யாணத்துல கட்டின பலூனா?"

"அதுல அன்னைக்கே காத்து போயிடுச்சு," என்றாள் இவோனா.

அவன் அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டு என்னிடம் சொன்னான்: "அக்கா, இன்னைக்கு உங்க கடைசி பிளான். பாருங்க, ஒரு நிமிஷம்கூட லேட் பண்ணமாட்டேன். சத்தியமா."

அவன் சத்தியங்கள் எனக்குத் தெரியும்.

முழுகுகிறவர்கள் பன்னிரண்டு பேர், என்னோடு பதின்மூன்று. இரண்டு படகுகள். ஒன்று உங்கள் ஊர்க்காரர் ஃப்ரானேவுடையது. பலகை அதன் ஏணியருகில் தொங்கியது. இன்னொன்று அவர் மைத்துனருடையது. இவோனா அதில் வந்தாள். எங்கள் ஆட்கள் திரும்பும்போது கையில் அகப்பட்ட படகில் ஏறிக்கொள்வார்கள். விட்டெக் பீர் இருக்கிற படகில் ஏறுவான். அன்று பீர் பெட்டியை மைத்துனர் படகில் வைக்கச் சொல்லியிருந்தேன், ஃப்ரானே படகில் வருகிறவர்கள் காதில் விழும்படி. ஆனால் இவோனா அதைப் பார்க்காதபடி முன்பக்கத்தில், பாய்க்கு அடியில். இப்படிச் செய்தால் அந்தப் படகில் இருப்பவர்கள் அவன் இந்தப் படகில் இருப்பதாகவும், இந்தப் படகில் இருப்பவர்கள் அவன் அந்தப் படகில் இருப்பதாகவும் நினைப்பார்கள். இரண்டு படகுக்கும் பொதுவாக உண்மையைச் சொல்வது பலகை ஒன்றுதான்.

பதினொன்று நாற்பதுக்கு, ஏணியருகில் யாரும் இல்லாதபோது, விட்டெக்கின் ஒன்பதாம் எண் வில்லையைச் சிவப்பிலிருந்து எடுத்து வெள்ளையில் மாட்டினேன். பித்தளை கொஞ்சம் சூடாக இருந்தது.

மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். லெஷெக் ஏணியில் ஏறும்போதே கேட்டார்: "அக்கா, விட்டெக் வந்துட்டானா? கீழ திரும்பிப் பாத்தேன், ஆளைக் காணோம். ஒரு நிமிஷம் தேடிட்டு மேல வந்துட்டேன்."

நான் பலகையைக் காட்டினேன்.

"ஓ, வந்துட்டான். அந்தப் படகுல பீர் இருக்குமே." அவர் தன் நத்தைப் படங்களைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

ஃப்ரானே நங்கூரத்தை இழுத்துக்கொண்டே, "எல்லாரும் ஏறியாச்சாம்மா? காத்து கிளம்புது," என்றார். பலகையை அவர் பக்கம் திருப்பினேன். பன்னிரண்டும் வெள்ளையில் இருந்தன. "உங்க பலகை இருக்கறப்போ எனக்குக் கண்ணே வேணாம்," என்று சொல்லி இஞ்சினைக் கிளப்பினார். அவரை நீங்கள் குற்றம் சொல்லக்கூடாது. பலகையைத்தான் அவர் நம்பினார். அது நம்பத் தகுந்த பலகை. பதினொன்று ஐம்பத்தைந்துக்குப் புறப்பட்டோம். திட்டத்திலும் அதே நேரம்தான்.

ஒரு மணிக்கு, துறைமுகத்தருகே சாப்பாடு போடும் தோன்காவின் முற்றத்தில் மதிய உணவு. கனலுக்கடியில் வேகவைத்த ஆக்டோபஸ். நீண்ட மேசையில் எல்லாரும் உட்கார்ந்தபோது இவோனா, "விட்டெக் எங்க? உங்க படகுலதானே வந்தான்?" என்று லெஷெக்கைக் கேட்டாள்.

"இல்லையே, உங்க படகுல பீர் குடிக்கப் போனான்."

"துறைமுகத்துல எங்கயாவது நின்னுட்டிருப்பான்," என்றேன் நான். "அவன் எப்ப நேரத்துக்கு வந்திருக்கான்?"

எல்லாரும் சிரித்தார்கள். இவோனாவும் சிரித்தாள். ரொட்டியைப் பிட்டு எண்ணெயில் தோய்த்தாள். காற்று பலமாகிவிட்டது, மேசை விரிப்பின் ஓரங்களைக் கல் வைத்து அழுத்த வேண்டியிருந்தது. ஒன்றே முக்காலுக்கு அவள் தோன்காவிடம், "அவர் பங்கைத் தனியா எடுத்து வச்சிருங்கம்மா, சூடு பண்ணிக் குடுத்துக்கலாம்," என்றாள்.

தோன்கா இடுப்பில் கைவைத்து நின்றாள். "யாரு பங்கு? பன்னெண்டு பேருக்குத்தான் போட்டேன். நேத்து சாயங்காலம் இந்தம்மாதான் நேர்ல வந்து சொன்னாங்க, பன்னெண்டுன்னு."

இவோனா மேசையைச் சுற்றி எண்ணினாள். உதடு அசைவது தெரிந்தது. பத்தொன்பது வருடத்தில் எங்கள் சங்கத்தில் ஒருவர் தலைகளை எண்ணியது அன்றுதான். பன்னிரண்டு நாற்காலிகள், என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர். பிறகு என்னைப் பார்த்தாள். செருப்புகூடப் போடாமல் துறைமுகத்துக்கு ஓடினாள். அங்கே சிலிண்டர்கள் பதினொன்றுதான் திரும்பியிருந்தன.

மூன்றாம் நாள் காலை மீனவர்கள் அவனைக் கொண்டுவந்தார்கள். அடையாளக் குழாயை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தானாம். அது நான் சொல்லிக்கொடுத்த முடிச்சு.

நேற்று நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள். ஒரு மணி நேரம் காக்கவைத்துவிட்டுத் திரும்பக் கூட்டிவருவதுதான் என் எண்ணம் என்றால், உணவுக்கு ஏன் முந்தின நாளே பன்னிரண்டு பேர் என்று சொன்னேன் என்று. யோசித்துப் பார்த்தேன். நியாயமான கேள்விதான். அந்த உணவுக்கு முந்தின நாளே சரியாகத் தலை எண்ணிச் சொல்ல வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். நான் சரியாகச் சொன்னேன்.

இன்னொன்றும் சொன்னீர்கள். அவன் மணிக்கட்டில் கட்டியிருந்த முழுக்குக் கருவியில் பதிவாகியிருக்கிறதாம்: மேலே வந்த நேரம் பதினொன்று நாற்பத்து நாலு. திட்டத்தில் நான் போட்டிருந்தது நாற்பத்தைந்து. கருவி பொய் சொல்லவில்லை. நானும் பார்த்தேன். இருநூறு மீட்டர் தூரத்தில் தலை தெரிந்தது. வெளுத்த குழாயை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை ஆட்டினான். அது உதவி கேட்கும் சைகை அல்ல. மணிக்கட்டை விரலால் தட்டித் தட்டிக் காட்டினான், நேரத்துக்கு வந்துவிட்டேன் என்று. புறப்பட இன்னும் பதினோரு நிமிடம் இருந்தது. ஆனால் வில்லையை ஏற்கெனவே மாற்றியிருந்தேன். அடுத்தவர் வில்லையைத் தொடக்கூடாது என்பது நான் எழுதிய விதி. அதை ஒரே நாளில் இரண்டு முறை மீற எனக்கு மனம் வரவில்லை.