சாமிய மலையேற வுடாத பொட்டி

பாம் இல்லக்கா! எத்தன பேருக்குத்தான் சொல்றது? அரியலூர் பஸ் ஸ்டாண்டுல ஏறுனதுலேர்ந்து ஆளாளுக்கு மொறச்சுப் பாக்குறாங்க. ஒயரு நீட்டிக்கிட்டு இருந்தா பாமா? சிந்தசைசர்க்கா. பாட்டு போடற பொட்டி. நீங்க கால நல்லா நீட்டிக்குங்க, நான் மடியிலயே வச்சுக்கிறேன்... நாளையிலேர்ந்து யாரு மடியில இருக்கப் போவுதோ.

எம்பொஞ்சாதி வேணிதான்... தா.பழூர்ல அவங்க அம்மா வூட்டுக்குப் போயி உக்காந்துகிட்டா. 'இந்த பஸ்ஸுல வா, ஸ்டாப்புல நிப்பேன். பொட்டிய எங்கையில குடுத்துட்டு எங்கம்மா கால்ல வுழு. அப்பதான் பெரம்பலூருக்கு நம்ம வூட்டுக்கு வருவேன்'ங்கிறா. வுழுறேங்க்கா, எனக்கென்ன? அவ இல்லாம வூட்ல இருக்க முடியுதா? ரசம் வச்சா வெந்நியா இருக்கு. நெசமாவே அழுதுட்டேன். ஆனா தப்பு யாரு மேல? நீங்களே சொல்லுங்க... இல்ல, சொல்லாதீங்க, மொதல்ல கேளுங்க.

இந்தா, ரெண்டு குமிழு இருக்கே, இதுக்கு இங்கிலீசுல பேரு கேயாஸ், தாறுமாறுன்னு அர்த்தம். நான் கிறுக்கன்னு கூப்புடுவேன். மத்தவங்கல்லாம் என்ன பண்றாங்க? பல்லவி நாலு தடவ, சரணம் ரெண்டு தடவன்னு எண்ணி எண்ணிப் போடறாங்க. பாட்டா அது, ரேஷன் கடையா? எம்பாட்டுல எப்ப பல்லவி முடியணும், எப்ப சரணத்துக்குப் போகணும்னு கிறுக்கன்தான் முடிவு பண்ணுவான். ஒருக்கா போன வழியில மறுக்கா போக மாட்டான். அதுக்காகத் தறிகெட்டும் ஓட மாட்டான், மொளக்குச்சில கட்டுன ஆடு கணக்கா அங்கயே சுத்துவான். என்னா அழகு தெரியுமா! வேணிக்குப் புரியல.

அவங்க ஊரு கோயில் திருவிழாவுக்கு பம்பைக்காரர் வரல. நான்தான் மாப்ளயாச்சே, சும்மா இருக்க முடியுமா? பொட்டியத் தூக்கிட்டுப் போயிட்டேன். பம்பைச் சத்தமெல்லாம் இதுலயே வரும்க்கா. போட்ட ஒடனே மாமியா வீரம்மா மேல சாமி வந்துருச்சு! வருசா வருசம் அவங்க மேலதான் வரும். எனக்குப் பெரும தாங்கல.

வழக்கந்தான் ஒங்களுக்குத் தெரியுமே. பம்பை அடி கொறஞ்சு நிக்கிறப்ப சூடம் காட்டி துன்னூறு பூசுனா சாமி மலையேறிரும். அடி நிக்காம ஏறாது. கிறுக்கன் அடியக் கொறச்சான். சூடத்தக் காட்டுனாங்க. படக்குன்னு பல்லவிக்கே திரும்பிட்டான்! சாமி மறுபடி ஆடுது. மறுபடி கொறச்சான், மறுபடி சூடம்... மறுபடி பல்லவி! சூடம் தீந்து போயி கடைக்கு ஆள் ஓடுது. மாமியாளுக்கு மூட்டுவலி வேற. கடைசீல சாமி எம்பக்கம் திரும்பி என்ன கேட்டுச்சு தெரியுமா? 'மாப்ள, கொஞ்சம் நிறுத்துங்களேன்'!

ஊரே சிரிச்சிருச்சுக்கா. சாமின்னா 'டேய்'னுதான கூப்புடும்? மாப்ளைக்கு மரியாத குடுக்குற சாமிய எங்கயாவது பாத்திருக்கீங்களா? அதுலேர்ந்து 'வீரம்மா மேல வர்றது சாமியே இல்ல'ன்னு பேச்சாயிருச்சு. பாவம், அவங்க வெளியில தல காட்டறதில்ல. 'எங்கம்மா சாமியவே பொய்யாக்கிட்டியே'ன்னு வேணி ஒரே அழுக. சாமிக்கே எம்புருசன் மாப்ளைன்னு பெருமப்படுவாளா, அத வுட்டுட்டு!

இருங்க, போட்டுக் காட்டுறேன். பேட்டரி இருக்கு. சத்தம் கம்மியா... கேக்குதா? கிறுக்கன் பல்லவியச் சுத்துறான் பாருங்க... தலையாட்டுறீங்களே, ரசன இருக்குக்கா ஒங்களுக்கு! ...அக்கா? ஏங்க்கா ஒடம்பு இப்பிடி ஒதறுது? அக்கா, கொண்டைய ஏன் அவுக்குறீங்க? ஐயயோ! கண்டக்டரண்ணே, சூடம் இருக்கா?

என்னது, சுவிட்சா? இருக்குண்ணே, ஆஃப் பண்ற சுவிட்சு முன்னாடியேதான் இருக்கு. அன்னிக்கும் இருந்துச்சு. அன்னிக்கும் இப்பிடித்தான்... சரணத்துக்குப் போற மாதிரியே வந்துச்சு, எப்பிடிண்ணே நிறுத்துறது? வேணிகிட்ட சொல்லிராதீங்க.

தா.பழூரா? அதோ, வேணி நிக்கிறா! வந்துட்டேன் வேணி, வந்துட்டேன்! அண்ணே, விசில் குடுத்துராதீங்க, எறங்கணும்... இல்ல இல்ல, குடுங்க. வண்டி போகட்டும். கிறுக்கன் சரணத்துக்குப் போயிட்டான்ணே! நான் அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கிறேன்.