பத்து நிமிட முறை

பொருள் வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கி எறிகிற ஆள் நான் இல்லை, சார். கம்ப்யூட்டரில் விளையாட வாங்கிய கிராபிக்ஸ் கார்டு வந்த பெட்டி இப்போதும் பீரோ மேல் இருக்கிறது. அதைப் பார்த்தாலே தெரியும், நான் எவ்வளவு ஒழுங்கானவன் என்று.

அந்தக் கார்டை மூன்று மாதம் ஆராய்ந்து நானே தேர்ந்தெடுத்தேன். என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். "அது வேணாம் மாப்ள, கத்தும்" என்றார். கடைக்காரருக்கு ஆராய்ச்சி பற்றி என்ன தெரியும்? குடும்ப வாட்ஸப் குழுவில் பதினொரு பத்தி விளக்கம் எழுதிப் போட்டேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் போட்டார்.

மாட்டிய அன்றே கேட்டது. விளையாட்டைத் திறந்தால் காதுக்குள் கொசு புகுந்தது போல ஒரு கீச்சு ரீங்காரம். மச்சான் வந்து காது வைத்துப் பார்த்தார்.

"உள்ள இருக்குற கம்பிச்சுருள் அதிருது மாப்ள. நொடிக்கு இத்தனை ஃப்ரேம்னு படம் ஓடுதுல்ல, அதை அறுபதுல கட்டிப்போடுங்க, அடங்கிடும். பயப்பட ஒண்ணும் இல்ல."

சொல்லும்போது சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் குறித்துக்கொண்டேன். கட்டிப்போடவா அத்தனை ஆராய்ந்து வாங்கினேன்?

பக்கத்து அறையில் மாமனார். நுரையீரல் பழுது, ஆக்ஸிஜன் மெஷின் ஓடினால்தான் மூச்சு. அந்த மூச்சிலும் வாய் மட்டும் குறையவில்லை. வந்தவர்கள் முன்னால் கேட்டார்: "என் மெஷின் கத்துனா எனக்கு மூச்சாவது வருது மாப்ள. உங்களுது எதுக்குக் கத்துது?" எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும், வாயைப் பொத்திக்கொண்டு.

கார்டில் குற்றமில்லை என்றால் குற்றம் வேறெங்கோ ஒளிந்திருக்க வேண்டும். வீட்டில் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். என் முறை எளிது. ஒரு நேரத்தில் ஒரு பொருள். அணைத்துவிட்டு, பத்து நிமிடம் கேட்டு, நோட்டில் எழுத வேண்டும். ஃபிரிட்ஜ்: மாற்றமில்லை. மனைவியின் சார்ஜர்: மாற்றமில்லை. மீன் தொட்டியின் காற்று மோட்டார்: மாற்றமில்லை. அதைத் திரும்பப் போட மறந்துவிட்டேன். நான்கு மீன்கள் மிதந்தன. நோட்டில் அதை எழுதவில்லை. சத்தத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

பாக்கி இருந்தது அந்த மெஷின்தான். என் மேசைக்கும் அதற்கும் நடுவே ஒரே சுவர், ஒரே கரண்ட் லைன். இத்தனை நாள் அது எப்படி என் கண்ணில் படாமல் தப்பியது என்றுதான் எனக்கு ஆச்சரியம்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு மனைவி மருந்து வாங்கக் கிளம்பினாள். "என்னங்க, அப்பாவைக் கொஞ்சம் பாத்துக்கோங்க. உங்க கம்ப்யூட்டருக்குள்ளயே தலையை விட்டுட்டு இருக்காதீங்க."

போய்ப் பார்த்தேன். கண்ணயர்ந்திருந்தார். கரண்ட் நின்றால் அந்த மெஷின் பீப் பீப் என்று அடிக்கும். அடித்தால் ரீங்காரம் காதில் விழாது. ஆகவே முதலில் அலாரத்தின் பேட்டரியைக் கழற்றினேன். பிறகு பிளக்கை. கதவைச் சாத்திவிட்டு வந்து விளையாட்டைத் திறந்தேன்.

நடுவில் எதுவும் கேட்கவில்லையா என்பீர்கள். கேட்டது. மூன்றாம் நிமிடம், சுவரைத் தட்டும் சத்தம், நான்கு முறை. ஐந்தாம் நிமிடம் ஒரு முறை. இரண்டும் மொத்தென்ற சத்தம்; நான் தேடியது கீச்சுச் சத்தம். நோட்டில் நேரத்தோடு இருக்கிறது.

உள்ளதைச் சொன்னால், முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. மெஷின் ஓய்ந்ததும் ரீங்காரம் முன்பைவிடத் துல்லியமாகக் கேட்டது, கார்டிலிருந்தேதான். ஆனால் முறை என்றால் முறை. பாதியில் எழுந்து ஓடினால் அதற்குப் பெயர் ஆராய்ச்சியா? பத்து நிமிடமும் உட்கார்ந்திருந்தேன். பிறகு மறக்காமல் போய்ப் பிளக்கை மாட்டினேன். மீன் விஷயத்தில் செய்த தவறை இரண்டாம் முறை செய்யவில்லை. மெஷின் உடனே மூச்சுவிட ஆரம்பித்தது. மாமனார் ஆரம்பிக்கவில்லை.

கையெழுத்து எங்கே போட வேண்டும், இங்கேயா?

ஒரே ஒரு வேண்டுகோள், சார். வெளியே பெஞ்சில் மச்சான் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய அப்பாவை நான் என்ன செய்தேன் என்று தாராளமாகச் சொல்லுங்கள். சத்தம் கார்டிலிருந்துதான் வந்தது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.