பத்தாவது கதவு

மாலை ஏழு மணி. பத்தாங் பெர்ஜுந்தாய் டவுனில் பஸ்ஸை விட்டு இறங்கினால், தோட்டத்துக்குள் இரண்டு மைல் செம்மண் சாலை. இரு பக்கமும் செம்பனை மரங்கள்... ஆள் அரவமே இல்லை. அந்தச் சாலையில் தனியாக நடந்து போனவள் திலகம். போன வருடம் வரை ராவாங் தொழிற்சாலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தாளே, அவளேதான். சிரிக்காதே அழகேசா. கதை முடிந்ததும் கொல்லைப்பக்கம் போகத் துணை தேடப்போவது நீதான்.

அவள் அண்ணன் சேது அந்தத் தோட்டத்தின் கடைசி லயத்தில் இருந்தான். வரிசையாகப் பத்து வீடுகள். மற்றவர்கள் எல்லாம் வேலை தேடி ராவாங் போய்விட்டார்கள். சேது மட்டும் பத்தாவது வீட்டை விட்டு அசையவில்லை. மனைவி கங்கா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. "நானும் போய்ட்டா, அவ வந்து எங்கன்னு தேடுவா?" என்பான். பாவம், அவள்மேல் அப்படி ஒரு உயிர்.

தனியாகக் கிடக்கிறானே என்று திலகம் பேட்டரியில் ஓடும் ஒரு கேம் வாங்கிக் கொடுத்தாள். உள்ளங்கை அளவுதான் இருக்கும். எண்பத்து நான்கில் எல்லோருக்கும் அதன்மேல் மோகம். திரையில் பத்துக் கதவுகள். ஏதாவது ஒன்றில் விளக்கு எரியும். அது அணைவதற்குள் குட்டி மனிதனை அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். நிறுத்தினால்... டிக்.

ஒருநாள் அந்தியில் சேது வாசற்படியில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தான். திரையில் ஏழாவது கதவு எரிந்தது. நிமிர்ந்து பார்த்தால்... பலகை அடித்து மூடிய ஏழாம் வீட்டிலும் வெளிச்சம். டிக். இரண்டும் சேர்ந்து அணைந்தன. அடுத்தது மூன்றாவது. அங்கிருந்து கருவாடு பொரிக்கும் வாசனை. பிறகு ஐந்தாவது. உள்ளே, அங்கே குடியிருந்த முருகையாவின் இருமல். முருகையாவைப் புதைத்து ஆறு மாதம்.

நாமாக இருந்தால் ஓடியிருப்போம். சேதுவுக்கோ சந்தோஷம். தினமும் விளையாடினான். பத்தாவது கதவு மட்டும் எரியவே இல்லை. அது எரிந்தால் கங்கா வந்துவிடுவாள் என்று நம்பினான். இதைத் தங்கையிடமும் சொன்னான். அவள் பயந்துபோய், அண்ணனைக் கையோடு அழைத்து வரத்தான் அன்று கிளம்பிப் போனாள்.

வேலியருகே வரும்போதே டிக், டிக் என்று சத்தம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது. படியில் சேது. அவன் முதுகுக்குப் பின்னால், அவன் வீட்டுக்குள்ளேயே, மஞ்சள் வெளிச்சம். பட்டனை அமுக்கினான். டிக்... விளக்கு அணையவில்லை.

உள்ளேயிருந்து கங்காவின் குரல்.

"சேது... சேது... உள்ள வா."

திலகத்துக்குத் தெரியும். எட்டு வருடக் குடித்தனத்தில் கங்கா ஒருமுறைகூடப் புருஷன் பெயரைச் சொன்னதில்லை. ஆபீஸில் பெயர்ப் பதிவு எழுதும் கிராணி கேட்டால்கூடத் தலையைக் குனிந்துகொண்டு, பக்கத்தில் இருப்பவளைச் சொல்லச் சொல்வாள்.

"அண்ணே, போகாத! அது அண்ணி இல்ல!"

சேது திரும்பிப் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு. "கங்கா வந்துட்டா லா," என்றான். உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது. வெளிச்சம் அணைந்தது.

திலகம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். ஒரே அறை. பாய், தலையணை, ஆறிப்போன அடுப்பு. ஆள் இல்லை. போலீஸ் வந்து தேடியும் கிடைக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, அழுதுகொண்டே ராவாங் திரும்பினாள்.

மூன்று நாள் கழித்து, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் அப்பளசாமி சைக்கிளில் அந்தப் பக்கம் போயிருக்கிறார். லயம் முழுக்க இருட்டு. ஒரு பெண் பத்தாவது கதவைத் தட்டிக்கொண்டிருந்தாளாம். பதில் இல்லை. ஒன்பதாவதைத் தட்டினாள். எட்டாவதை... ஒவ்வொரு கதவிலும் காதை வைத்துக் கேட்டாள். முதல் வீடுவரை போய்விட்டு, மறுபடியும் பத்தாவது கதவுக்கே வந்து நின்றாளாம்.

"என்னங்க... நான்தாங்க... கங்கா."