ஓவர்டைம் கப்பலின் பச்சைப் புள்ளி

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அதைக் கட்டியது நான் இல்லை, சார். அந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் சளியா தூசியா என்று இந்தப் பக்கம் சொல்லிவிடலாம். போதாக்குறைக்கு முப்பத்தோரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள் நான். லைன் போட்டுக் கொடுத்ததும் ஹெட்போனைக் கழற்றிவிட வேண்டும் என்பது விதி. கழற்றினாயா என்று கேட்காதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். மனைவி தையல்காரி, கதவை ஒரு சாணுக்கு மேல் திறக்க மாட்டாள், வாயை அதிலும் பாதிதான் திறப்பாள். அவர் அப்படியில்லை. எனக்கு வயது அறுபத்து மூன்று; போன வாரம்வரை என்னை அக்கா என்று கூப்பிட்டது உலகத்திலேயே அவர் ஒருவர்தான். வேலை விட்டு வந்தால் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு. விண்வெளியில் ஒரு கப்பல். ஒரு நட்சத்திரத்தில் சரக்கு ஏற்றி இன்னொன்றில் இறக்க வேண்டும். வழியில் கொள்ளைக்காரர்கள் வந்தால் சுடலாம், ஓடலாம். அதற்கு முடிவே கிடையாது. ஜெயித்தாய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். கல்யாணம் மாதிரி என்று அவர் சொன்னார்; சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்தது.

கப்பலுக்கு அவர் வைத்த பெயர் ஓவர்டைம். மனைவியின் போனிலும் அது தெரிகிற மாதிரி செய்து கொடுத்திருந்தார். அவர் ஆடிக்கொண்டிருந்தால் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி, நிறுத்திவிட்டால் சிவப்பு; கப்பல் என்ன செய்தது என்று கீழே ஒரு வரியும் வரும். "துறைமுகம் வந்துட்டாரு, இனி சோறு வைக்கலாம்" என்று அவள் முணுமுணுப்பதை நானே கேட்டிருக்கிறேன்.

எனக்கும் அவர்தான் அந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்தார். எப்படி இருக்கும் என்று காட்ட, என் கம்ப்யூட்டரில் முதலில் தன் பெயரில் திறந்தார். பிறகு எனக்கென்று ஒரு குட்டிக் கப்பல். தன் பெயரை அழிக்க மறந்துவிட்டார். நான் ஞாபகப்படுத்தவில்லை. "கொள்ளைக்காரன் வந்தா சரக்கைக் கொட்டிட்டு ஓடிடுங்க அக்கா, வீராப்பு வேணாம்" என்பார். சாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் அவர்களுக்குள் சண்டை. "அந்தக் கப்பலையே கட்டிக்கிட்டு அழுங்க, வீட்டுக்கு வராட்டியும் பரவாயில்ல" என்றாள் அவள். "சரி, வரல" என்றார் அவர். கதவை அறைந்த வேகத்தில் என் காலண்டர் ஆடியது. சொன்ன சொல் தவறாத மனிதர்; வரவில்லை.

புதன்கிழமை போலீஸ் ஸ்டேஷனில் உங்களிடம் புகார் கொடுத்தாள். கம்பெனியிலும் மூன்று பேரைத் தேட அனுப்பினார்கள். அவர் பொறுப்பில் நாற்பது கட்டடம். ஒவ்வொன்றாக லிஃப்ட் குழிவரை இறங்கிப் பார்த்தார்கள். எனக்கு மட்டும் வேறு சந்தேகம். ஆம்பிளை ஒருத்தர் போனை அணைத்துவிட்டுக் காணாமல் போனால் அதற்கு ஒரு பெண் பெயர் இருக்கும். விளையாட்டுக்குள் கடிதம் எழுதிக்கொள்ள வசதி உண்டு. வியாழக்கிழமை காலை பத்தரைக்கு அவர் பெயரில் உள்ளே போனேன். பார்த்துவிட்டு வெளியே வந்துவிடலாம் என்றுதான்.

ஒன்றும் இல்லை. நாலு பேரிடம் இரும்புத் தாது விலை விசாரித்திருந்தார், அவ்வளவுதான். நான் ஏமாற்றத்தோடு உட்கார்ந்திருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு அலறல். அடுத்த நிமிடம் என் வீட்டு வாசலில் அவள் நிற்கிறாள், கையில் போன், காலில் செருப்பில்லை.

"அக்கா, பச்சை! ஓவர்டைம் பச்சையில இருக்கு! உயிரோடதான் இருக்காரு. எங்கயோ உக்காந்து விளையாடறாரு, பாவி மனுஷன்!"

மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். இப்போது நீங்கள் சொல்லுங்கள். 'அது உன் புருஷன் இல்லையம்மா, அவர் கடிதங்களைத் துழாவிக்கொண்டிருந்த நான்தான்' என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? "நான்தான் சொன்னேனே, கோவம் ஆறினா வந்துடுவாரு" என்றேன். உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தேன். பதினாலு வருடத்தில் அவள் என் சமையலறையில் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை.

ஸ்டேஷனுக்கு வந்து அவள் போனைக் காட்டினாள், நீங்களும் சிரித்தீர்களாம். கம்பெனியும் மூன்று பேரையும் திருப்பிக் கூப்பிட்டுக்கொண்டது. ஓடிப்போனவனைத் தேட ஆள் எதற்கு?

மறுநாள் விடிந்ததும் வந்தாள். "மறுபடி சிவப்பாயிடுச்சுக்கா" என்றாள், முகத்தில் ஈயாடவில்லை. அவள் போனதும் திறந்தேன். ஒரே இடத்தில் நின்றால் நன்றாக இருக்காது என்று அடுத்த நட்சத்திரத்துக்கு ஓட்டினேன். வழியில் இரண்டு கொள்ளைக் கப்பல்கள் மறித்தன. அவராக இருந்தால் கொட்டிவிட்டு ஓடியிருப்பார். நான் நின்று சுட்டேன். இரண்டும் சிதறின. அவர் கப்பலுக்கு ஒரு கீறல் விழாமல் பார்த்துக்கொண்டேன், சார்.

"சண்டைக்கே போக மாட்டாருக்கா, இப்ப ரெண்டு கப்பலைச் சுட்டிருக்காரு. எல்லாம் என் மேல இருக்கற ஆத்திரம்" என்றாள் மத்தியானம். எழுத்துக்கூட்டி அந்தப் போனிலிருந்தே அவருக்கு விளையாட்டுக்குள் ஒரு கடிதம் அனுப்பியிருந்தாள். 'வாங்க. நான் சொன்னது தப்பு.' அதை என் மேஜையில்தான் படித்தேன். பதில் போடாவிட்டால் துடித்துப்போவாள். அதனால் எழுதினேன்: 'கொஞ்ச நாள் என்னைத் தேடாதே.' அரைமணியில் அந்தப் பதிலை எனக்கே வாசித்துக் காட்டினாள். கேட்காததைக் கேட்பதுபோல் கேட்டேன். அந்த வித்தை தொழிலில் கற்றது. தன் பிறந்த வீட்டு வண்டவாளம்வரை அன்று கொட்டினாள்.

ஒன்பதாம் நாள், காலியாகக் கிடந்த பழைய அலுவலகக் கட்டடம் ஒன்றில் நாற்றம் என்று உங்களுக்குத் தகவல் வந்தது. பழைய புகார் ஒன்றை யாரிடமும் சொல்லாமல் பார்க்கப் போய், லிஃப்ட் குழியில் விழுந்திருக்கிறார். போன் உடைந்துவிட்டது. தொடை எலும்பும். குழியில் ஊறிய தண்ணீரைக் குடித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைவரை உயிரோடு இருந்ததாக டாக்டர் சொன்னாராம். ஸ்பேனரால் லிஃப்ட் ஏறி இறங்குகிற தண்டவாளத்தைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். எதிர்க் கடைக்காரர் ரிப்பேர் நடக்கிறது என்று நினைத்தாராம். அந்த மூன்று பேரின் பட்டியலில் வியாழன் மத்தியானம் அடுத்த கட்டடம் அதுதான் என்றும் நீங்களே சொன்னீர்கள்.

ஓவர்டைம் எந்த வீட்டிலிருந்து திறக்கப்பட்டது என்று விளையாட்டுக் கம்பெனி எழுதிக் கொடுத்த காகிதத்தை நீட்டினீர்கள். மறுக்கவில்லை. நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் ஓடிப்போகவில்லை என்பது எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும். கப்பல் நான் விட்ட இடத்திலேயே நின்றது. செவ்வாய்க்குப் பிறகு அவர் உள்ளே வரவே இல்லை. உயிரும் கையும் காலும் ஒழுங்காக இருக்கிற அந்த மனிதர் மூன்று நாள் அதைத் தொடாமல் இருக்க மாட்டார். இந்த ஊரில் அது தெரிந்தது எனக்கு ஒருத்திக்குத்தான். தெரிந்துகொண்டுதான் அந்தப் பதிலை எழுதினேன். ஆனால் அவள் அன்றாடம் இரண்டு வேளை என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள், சார். என் கையால் சாப்பிட்டாள். தூங்கினாள்.

உடலை வாங்கிக்கொள்ள மாட்டேன் என்கிறாளாம். 'அது யாரோ. இவர் நேத்துகூட விளையாடினாரு' என்கிறாளாம். உண்மைதான், நேற்றும் ஓட்டினேன். நீங்கள் கதவைத் தட்டியபோது ஓவர்டைம் இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவில், கொள்ளைக்காரர்கள் திரிகிற இடத்தில் நின்றுகொண்டிருந்தது. மணி ஆறாகப்போகிறது. ஆறு மணிக்கு அவள் போனைப் பார்ப்பாள்.

அந்தக் கம்ப்யூட்டரை ஒரு ஐந்து நிமிடம் கொடுங்கள், துறைமுகத்தில் சேர்த்துவிட்டு வந்துவிடுகிறேன். புள்ளி சிவப்பாக இருந்தால் அவள் பயந்துபோவாள்; பாவம், அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?