மாப்பிள்ளை கொடுத்த பவுடர்

– டீயெல்லாம் வேண்டாம் அத்தை. மொதல்ல அந்தப் பவுடர் டப்பாவை எடுத்துட்டு வாங்க.

– என்ன மாப்பிள்ளை இது, ரெய்டுக்கு வந்தவர் மாதிரி வாசப்படியிலயே நிக்கிறீங்க? உள்ள வாங்க, ஃபேன் போடுறேன். ஜிம்மை இந்நேரத்துல யார் பாத்துக்கிறா?

– பூட்டிட்டு வந்துட்டேன்.

– பட்டப்பகல்லயா? பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே? உங்களுக்குள்ள ஏதாவது மனஸ்தாபமா?

– உங்க பொண்ணு நல்லாத்தான் இருக்கா. அவளுக்குத் தெரியாமத்தான் வந்திருக்கேன். அத்தை, இன்னைக்குப் பவுடர் குடிச்சீங்களா?

– குடிக்காம? காலையிலேயே ஆச்சு. ரெண்டு கரண்டி தண்ணியில கலக்கி, மடக்மடக்குன்னு. நீங்க சொன்ன மாதிரியே, எக்சர்சைஸ் முடிச்ச கையோட.

– இனிமே அதைத் தொடாதீங்க.

– இதென்ன புதுசா இருக்கு? நேத்து வரைக்கும் ‘விட்டுடாதீங்க அத்தை, மறந்துடாதீங்க அத்தை’ன்னு தொண்டைத்தண்ணி வத்தச் சொன்னீங்க.

– அதாவது அத்தை… நம்ம ஜிம்முக்கு டெய்லர் அண்ணன் ஒருத்தர் வருவாரே, தெரியும்ல? அவருக்கும் சுகர். ஓரமா உக்காந்து சைக்கிள் மிதிப்பாரே.

– துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு, வாய்க்குள்ளயே பாடிக்கிட்டு! தெரியுமே. நல்ல மனுஷன்.

– அவரோட சம்சாரம் காலையில ஜிம்முக்கு வந்தாங்க. ஆள் நிறைஞ்சிருக்கிற நேரம். டப்பாவை என் காலடியில தூக்கிப் போட்டு, ‘நீ என்ன டாக்டருக்கா படிச்சே?’ன்னு கேட்டாங்க. எல்லாரும் தூக்கின வெயிட்டைக் கீழ வச்சுட்டு என்னையே பாக்குறாங்க. எங்கயாவது ஓடி ஒளிஞ்சுக்கலாம்னு இருந்துச்சு.

– ஐயோ, எதுக்காம்?

– அவருக்கு ஏற்கெனவே கிட்னி வீக்காம். சுகர் நாள்பட இருந்தா சில பேருக்கு அப்படி ஆயிடும். அந்த மாதிரி இருக்கிறவங்களுக்கு இந்தப் புரோட்டின் பவுடர் ஆகாது. இப்ப ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க.

– கடவுளே! உங்களுக்கு இது தெரியாதா மாப்பிள்ளை?

– அரைகுறையாத் தெரியும். ‘கிட்னிக்கு டெஸ்ட் எடுத்தீங்களா?’ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேட்டா வாங்க மாட்டாரோன்னு கேக்கல. போதுமா?

– என்கிட்ட எதுக்குப் பல்லைக் கடிக்கிறீங்க?

– உங்க மேல கோவம் இல்ல அத்தை. என்னை நெனைச்சா எனக்கே கூசுது. டப்பா மேல ‘சர்க்கரை உள்ளவர்களுக்கு’ன்னு ஒரு ஸ்டிக்கர் இருக்கே, அதை ஒட்டினது யார்னு நெனைக்கிறீங்க?

– கம்பெனிக்காரன்தானே ஒட்டுவான்?

– நான்தான் ஒட்டினேன். பெரிய மூட்டையா வாங்கி, டப்பாவுல ரொப்பி, தெருமுனைக் கடையில ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டினேன். உள்ள இருக்கிறது எல்லாரும் குடிக்கிற சாதாரணப் பவுடர்தான். சுகருக்குன்னு அதுல தனியா ஒண்ணும் இல்ல.

– எவ்வளவு பாந்தமா இருக்குன்னு நான் பாப்பாகிட்ட மெச்சிக்கிட்டேனே அந்த ஸ்டிக்கரை!

– மெச்சினது போதும், கிளம்புங்க. லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்துட்டு வந்துடலாம். உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா உங்க பொண்ணு முகத்துல நான் எப்படி முழிப்பேன்?

– அதெல்லாம் எதுக்கு மாப்பிள்ளை.

– ஊசின்னா பயமா?

– எனக்கா? தினம் விரலைக் குத்தி சுகர் பாக்குறவ நான். எனக்கு ஒண்ணும் ஆயிருக்காது, விடுங்க.

– அதெப்படி நீங்களே சொல்றீங்க?

– என்னமோ போங்க. என் வாயைக் கிளறாதீங்க.

– அத்தை, விளையாட்டு இல்ல இது.

– குடிச்சாத்தானே மாப்பிள்ளை ஆகும்!

– என்ன சொல்றீங்க?

– ஒரு சொட்டுகூடக் குடிக்கல. இப்ப ரெண்டு கரண்டின்னேனே, அதுவும் பொய். மொத நாள் கலக்கி மூக்குகிட்டக் கொண்டுபோனேன். ஈரத்துணியை மூட்டை கட்டி வச்ச மாதிரி ஒரு வாடை. குமட்டிடுச்சு. சொல்லிடலாம்னு பாத்தா, மாப்பிள்ளை ஆசை ஆசையாக் கொண்டுவந்தது. பாப்பா வேற, ‘அம்மா, அவர் உனக்காகவே செஞ்சது, மூஞ்சியைச் சுளிக்காதே’ன்னா. எனக்கு நாக்கு எழும்பல.

– அப்பாடா…

– என்ன மாப்பிள்ளை, சிரிக்கிறீங்களா அழுறீங்களா?

– எனக்கே தெரியல. வர்ற வழியெல்லாம் என் உயிர் என்கிட்ட இல்ல அத்தை. ஒரு நிமிஷம் இருங்க… அப்ப உங்களுக்கு சுகர் எப்படிக் குறைஞ்சுது?

– மாத்திரையை வேளாவேளைக்குப் போட்டேன். உங்க ஜிம்முல மூச்சு வாங்க வாங்க நடந்தேன், நீங்க கொடுத்த குட்டி டம்பெல்லைத் தூக்கினேன். அடுப்படியிலயே நின்னு மரத்துப்போன உடம்பு, அசைச்சதும் சொன்னபடி கேட்டுச்சு. டாக்டரம்மாவும் அதைத்தான் சொன்னாங்க.

– அப்ப போட்டோவை ஏன் ஒட்ட விட்டீங்க? ஜிம் வாசல்ல ஆளுயரத்துக்கு நின்னீங்களே, கையில டப்பாவோட, ‘என் சர்க்கரையைக் குறைத்தது இதுதான்’னு! டெய்லர் அண்ணன் அதைப் பாத்துட்டுத்தான் என்கிட்ட கேட்டார். ‘மாமியாருக்கே கொடுக்கிறீங்கன்னா எனக்கென்ன பயம்?’னார்.

– ஐயையோ. அப்படியா சொன்னார்?

– இதே வார்த்தைதான்.

– நான் எதைக் கண்டேன்? நீங்க கேமராவோட வந்து ‘சிரிங்க அத்தை’ன்னீங்க. பால் பாட்டில் பிடிச்ச குழந்தை மாதிரி டப்பாவைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். என்னைத் தனியா நிக்க வச்சு யாரும் போட்டோ எடுத்ததில்ல மாப்பிள்ளை. கூச்சமாவும் இருந்துச்சு, சந்தோஷமாவும் இருந்துச்சு. வீட்டுக்கு வந்து படுத்தா உறுத்தும். நாளைக்குச் சொல்லிடணும்னு நெனைப்பேன். உங்களைப் பாத்தா வாய் ஒட்டிக்கும். இப்ப அந்த மனுஷன் ஆஸ்பத்திரியில கிடக்கார்னா, அவர் சம்சாரத்தை நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் பாப்பேன்?

– எனக்கு மட்டும் வேற முகம் இருக்கா?

– மொதல்ல அந்தப் போட்டோவைக் கிழிச்சுடுங்க.

– கிழிச்சுட்டுத்தான் வந்தேன். உங்க முகத்தைக் கிழிக்கும்போது கை வரல, கண்ணை மூடிக்கிட்டுத்தான் இழுத்தேன். சரி, இருக்கிற டப்பாவையெல்லாம் கொடுங்க. வாங்கினவங்க ஒவ்வொருத்தரையும் தேடிப் போய்ச் சொல்லணும். அதுக்கு முன்னாடி இதைச் சாக்கடையில கொட்டினாத்தான் எனக்கு மூச்சு வரும். எங்க வச்சிருக்கீங்க, கட்டிலுக்கு அடியிலயா?

– அங்க இல்ல.

– பரண் மேலயா? ஏணி எங்க?

– மாப்பிள்ளை, உக்காருங்க. காசு போட்டு வாங்கின சாமான், வீணாப் போகக் கூடாதேன்னுதான்…

– யாருக்குக் கொடுத்தீங்க?

– அவருக்கும் சுகர்தானே. நல்லதுதானே பண்றோம்னு நெனைச்சுட்டேன்.

– யாருக்கு அத்தை?

– உங்க அப்பாவுக்கு.

– எங்க அப்பாவுக்கா? என் கையால ஒரு வாய் தண்ணி வாங்க மாட்டாரே அவர்! ஆபீஸ் வேலையை விட்டுட்டு ஜிம் வச்ச நாள்லேருந்து என் மூஞ்சியிலகூட முழிக்கிறதில்ல.

– அது தாங்காமத்தான் கொடுத்தேன். ஒரு நாள் இந்தப் பக்கம் வந்தவர் உள்ள வந்து உக்காந்தார். மேஜை மேல டப்பா இருந்துச்சு. ‘பையன் ஜிம்முல விக்கிறதா?’ன்னு கேட்டார். எடுத்தார், திருப்பினார், ஸ்டிக்கரைப் படிச்சார், துடைச்சுத் திரும்பவும் அதே இடத்துல வச்சார். அந்த முகத்தைப் பாத்திருந்தா நீங்களும் கொடுத்திருப்பீங்க. ‘உங்களுக்குன்னுதான் கொடுத்து வச்சிருக்கார் சம்பந்தி, நேர்ல தரக் கூச்சப்படுறார்’னு சொல்லிட்டேன்.

– நான் சொன்னதாவா?

– நீங்க சொன்னதாத்தான். இப்படியாவது அப்பனும் புள்ளையும் பேசிக்க மாட்டீங்களான்னு ஒரு நப்பாசை. அப்புறம் நீங்க எனக்குக் கொண்டுவர வர, அத்தனையும் அங்கதான் போச்சு.

– அவருக்குக் கிட்னி எப்படி இருக்கு அத்தை?

– எனக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத் தெரியாதா?

– தெரியாது. மகன்னு பேருக்குத்தான் இருக்கேன், தெரியாது. போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. நான் பக்கத்துல இருக்கேன்னு மட்டும் சொல்லிடாதீங்க, வச்சுடுவார்.

– இந்தாங்க, நீங்களே அழுத்துங்க… ஹலோ, சம்பந்தி? நான்தான் பேசுறேன், பாப்பாவோட அம்மா.

– சொல்லுங்க சம்பந்தியம்மா! உங்களுக்கு ஆயுசு நூறு, இப்பத்தான் நெனைச்சேன். பவுடர் டப்பாவோட அடிக்கு வந்துடுச்சு. தினம் மொட்டைமாடியில கையைக் காலை ஆட்டிட்டு, சுத்தமாக் குடிச்சுடுறேன்.

– அதைப் பத்தித்தான் சம்பந்தி… இனிமே அதைக் குடிக்காதீங்க. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு…

– கேட்டாச்சும்மா. கால் வீங்குதேன்னு போன வாரம் போனேன். டப்பாவையும் கையோட கொண்டுபோய், ‘பாருங்க, என் பையன் செஞ்சது’ன்னு மேஜை மேல வச்சேன்.

– டாக்டர் என்ன சொன்னார்?

– கிட்னி கெட்டுக் கிடக்கு, இதைத் தொடவே கூடாதுன்னார். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! ‘பெத்த அப்பனுக்கு ஆகாததையாய்யா என் புள்ள கொடுத்து விடுவான்?’னு நாலு பேர் முன்னாடி அந்த டாக்டரைச் சத்தம் போட்டுட்டு வந்துட்டேன்.