ஆத்தா போடச் சொன்ன ஊசி

“ஆத்தாவே ஊசி போடச் சொல்லிட்டா, அக்கா!”

விழுப்புரத்தில் பஸ் கிளம்பியதுமே முன் சீட்டில் இப்படி ஒரு குரல். நான் போனைப் பைக்குள் போட்டுவிட்டேன். சொன்னவள் மடியில் ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கேட்டவள் புர்கா அணிந்த அவள் தோழி.

“ஆத்தா எப்பிடிச் சொன்னா?”

“எதிர்வீட்டுப் புள்ள தட்டம்மை வந்து மூச்சு வாங்கிக்கினு ஆஸ்பத்திரில கெடக்குது. அப்பவும் எங்க மாமனாரு, ‘ஆத்தா வர்றத ஊசி போட்டுத் தடுக்கக் கூடாது’ன்னுட்டாரு. கோயில்ல பூ கேட்டுப் பாக்கலாம்னு மாமியாதான் சொன்னாங்க. வெள்ளப் பூ வந்தா ஊசி போடலாம், செவப்பு வந்தா கூடாது. ரெண்டு பொட்டலத்தையும் அவங்களே கட்டி ஆத்தா காலடியில வெச்சாங்க. கொழந்தை தொட்டதப் பிரிச்சா, வெள்ள!”

“எங்க தெருவுலயும் ஊசின்னா பேஜாருதான். மாமனாரு இன்னா சொன்னாரு?”

“கன்னத்துல போட்டுக்கினாரு. ‘அவளே சொல்லிட்டா, போடுங்க’ன்னுட்டாரு. இன்னொண்ணு கேளுக்கா. அவரு வெளிய போனதும் அடுத்த பொட்டலத்த நான் பிரிச்சேன்.”

“செவப்பா?”

“அதுவும் வெள்ளதான்!”

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

“மாமியாகிட்ட கேட்டியாடி?”

“எங்க கேக்கறது? நான் வாயத் தொறக்கறதுக்குள்ள, ‘ஜல்தி நட, நர்சம்மா கெளம்பிடப் போறாங்க’ன்னு கொழந்தைய வாங்கிக்கினு எனக்கு முன்னாடி ஓடறாங்க!”